அஜ்மல்கான் ரோடும் அன்சாரி நகரும்

கரோல்பாக்கில் வாழும் தமிழர்களுக்கு அஜ்மல்கான் ரோடு புதிய பெயரன்று. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், குழந்தைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கவும், கோடை விடுமுறைக்கு ஊர் புறப்படுமுன் பெட்டி படுக்கை வாங்கவும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய வீதி அது. அன்சாரி நகரும் நாம் நன்கறிந்த பெயரே. எய்ம்ஸ் என்று நாம் வழங்கும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ள இடம் அது. ஊரிலிருந்து வந்த உறவினருள் ஒருவரையேனும் அங்கு அழைத்துச் சென்று, விடியற்காலையில் வரிசையில் நிற்காத தமிழ்க் குடும்பம் டில்லியில் அரிதினும் அரிது.

ஆயினும் இவ்விரு பெயர்களுக்கும் உரியவர் யாவர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஒருவர் நாடி பார்த்து மருந்து கொடுத்த ஹக்கீம். மற்றவர் கத்தி பிடித்து ரண சிகிச்சை செய்த சர்ஜன். இருவரும் வெவ்வேறு வைத்திய முறைகளைச் சேர்ந்தவர்கள். எனினும் உற்ற நண்பர்கள். அந்நண்பர்கள் கண்ட கனவின் சரித்திரத்தை நம் சங்க ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே காரியாலயத்தில் பேனா பிடித்துக் காலங்கழிப்பவரே. எனினும் இச்சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று நம் இல்லத்திலேயே நிகழ்ந்தது. அதனை முதலில் கூறிவிடுகின்றோம்.

அன்னையாரின் மாத்திரைப் பை

நம் அன்னையார் எழுபத்தைந்தை நெருங்குபவர். தந்தையார் மறைந்த பின், தஞ்சைச் சீமையை விட்டு நம்முடன் டில்லிக்கு வந்துவிட்டார். சர்க்கரை நோய்க்கு ஒரு டாக்டர், இருதயத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என நால்வரிடம் அவரை அழைத்துச் சென்றோம். நால்வரும் தத்தம் துறையில் வல்லுநர். ஒருவரையும் குறை கூற இயலாது. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. பார்க்கும்படி நாமும் காட்டவில்லை. போதாக்குறைக்கு, மூட்டு வலிக்கென்று ஊரிலிருந்து வரவழைத்த சூரணம் ஒன்றை அன்னையார் எவரிடமும் சொல்லாமல் உட்கொண்டு வந்தார். ஒரு நாள் காலை, காப்பி கலக்கிக்கொண்டிருந்தவர் தலை சுற்றிச் சமையலறையிலேயே சாய்ந்துவிட்டார்.

நம் காலனியில் நெடுங்காலமாகப் பொது வைத்தியம் பார்த்துவரும் முதிய டாக்டர் ஒருவர் உண்டு. “வீட்டில் உள்ள மருந்து அத்தனையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஒன்றையும் விடவேண்டாம்” என்றார். பதினொரு மாத்திரைகளையும் சூரணத்தையும் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு மாத்திரைகள் வெவ்வேறு பெயரில் விற்கப்படும் ஒரே மருந்து! வலிக்கென்று இருவர் தனித்தனியே எழுதிய அதனை அன்னையார் இரட்டிப்பாக விழுங்கி வந்திருக்கிறார். முதிய டாக்டர் மற்ற டாக்டர்களுடன் தொலைபேசியில் கலந்து பேசினார். பதினொன்று ஏழாயிற்று. பிறகு அன்னையாரிடம் உணவு, உறக்கம், ஊர் நினைவு ஆகியவற்றைப் பற்றி அரை மணி நேரம் உரையாடினார். “இத்தனை நாளில் என்னைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான், மற்றவர்கள் என் முழங்காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள்” என்று அன்னையார் வீடு திரும்பும்போது கூறினார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. ரயில்வேயில் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் தம் எல்லைக்குள் வண்டியைப் பத்திரமாக நடத்துவார். ஆயினும் முழுப் பாதையையும் ஒருங்கே நோக்கும் கண்ட்ரோல் ஆபீஸ் ஒன்று இல்லாவிடில் வண்டி ஊர் போய்ச் சேராது. மனித உடம்பாகிய வண்டிக்கு அந்தக் கண்ட்ரோல் ஆபீஸ் எங்கே? இக்கேள்விதான் நம்மைச் சரித்திரத்தின்பால் செலுத்தியது.

தனித்துறைகள் வளர்ந்த வரலாறு

தனித்துறை வைத்தியம் தீமையன்று. 19ஆம் நூற்றாண்டில் அது ஓங்கி வளர்ந்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி விழியின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்டார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டார். கருவிகள் பெருகப் பெருக, ஒருவரே அனைத்தையும் கற்றல் இயலாதாயிற்று. உறுப்புக்கு ஒரு வைத்தியர் என்னும் நிலை தோன்றிற்று. இதில் நம் சென்னை பின்தங்கியிருக்கவில்லை. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி 1819ஆம் ஆண்டிலேயே தோன்றியதாகும். கண்புரை நீங்கி மீண்டும் பேரன் முகம் கண்ட பாட்டிமார்கள் அனைவரும் இத்தனித்துறைக்குக் கடன்பட்டவர்களே.

ஆயினும் ஆற்றில் வெள்ளம் பெருகும்போது கரையும் சிறிது அரிக்கப்படுவது இயல்பு. உறுப்புகளைப் பற்றிய அறிவு வளர்ந்த வேகத்தில், உறுப்புகளை உடைய மனிதரைப் பற்றிய கவனம் தேய்ந்தது. இந்தியாவிலோ மற்றொரு பிளவும் சேர்ந்துகொண்டது. ஆங்கில வைத்தியம் ஒருபுறம், ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய நாட்டு வைத்தியங்கள் மறுபுறம் என, ஒன்றையொன்று நோக்காது நின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாணங்களில் வந்த டாக்டர் பதிவுச் சட்டங்கள் அப்பிளவை மேலும் ஆழமாக்கின.

ஹக்கீமின் கனவு

இந்நிலையில்தான் ஹக்கீம் அஜ்மல்கான் முன்வந்தார். 1868இல் டில்லியில் பிறந்த அவர், பல்லிமாரான் வட்டாரத்திலுள்ள ஷரீப் மன்ஸில் என்னும் மாளிகையில் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்துவந்த குடும்பத்தினர். யூனானி என்பது கிரேக்கத்தில் தோன்றி, அரபு நாடுகளில் வளர்ந்து, இந்திய மண்ணில் வேரூன்றிய முறை. உணவு, காற்று, உறக்கம், மனநிலை ஆகிய யாவற்றையும் சேர்த்து நோக்குவது அதன் இயல்பு. தமையனார் அப்துல் மஜீத்கான் டில்லியில் ஒரு யூனானிப் பாடசாலையை நிறுவியிருந்தார். அதனை ஒரு பெருங்கல்லூரியாக வளர்க்க அஜ்மல்கான் உறுதி பூண்டார்.

அவர் செய்த முதற் புதுமை, வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் 1910இல் ஒரே மாநாட்டில் அமர்த்தியதாகும். ஆயுர்வேதமும் யூனானியும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படவேண்டும் என்றார். இரண்டாவது புதுமை, மேனாட்டு உடற்கூறு சாஸ்திரத்தையும் ரண சிகிச்சையையும் தம் மாணவர்கள் கற்கவேண்டும் என்றதாகும். 1911இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள ஆஸ்பத்திரிகளையும் கல்லூரிகளையும் நேரிற் கண்டார். அப்போது லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஓர் இளம் இந்திய சர்ஜனுடன் அவருக்குத் தோழமை ஏற்பட்டது. அந்த இளைஞரே டாக்டர் முக்தார் அகமது அன்சாரி. தாயகம் திரும்பிய பின் டில்லியையே தம் இருப்பிடமாகக் கொண்டு, தேசத் தொண்டிலும் அஜ்மல்கானுடன் தோளோடு தோள் நின்றார்.

கரோல்பாக்கில் கல்லூரிக்கு 1916 மார்ச் 29ஆம் நாள் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13ஆம் நாள் அதனைத் திறந்து வைத்தவரோ, அதே ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஒத்துழையாமை இயக்கம் நடத்திவந்த காந்தியடிகள்! ஐந்தே ஆண்டுகளில் நாடு எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆஸ்பத்திரிகளைப் பற்றி 1909லேயே கடுமையாக எழுதியவர் காந்தியடிகள். ஆயினும் திறப்புரையில், மேனாட்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி ஆர்வத்துக்கு அவர் தலைவணங்கினார்; அந்த ஆர்வம் சென்ற திசையிலேயே தமக்குக் குறை உண்டு என்றார். நாட்டு வைத்தியர்கள்பால் அவ்வாராய்ச்சி உணர்வு குன்றியிருப்பதையும் எடுத்துக்காட்டத் தயங்கவில்லை. இரு தரப்பாருக்கும் ஒரே மேடையில் புகழும் இடித்துரையும் கிடைத்தன.

இதுவே திப்பியா கல்லூரி. அஜ்மல்கான் தம் மருந்துச்சாலையின் ஆதாயத்தையும் இக்கல்லூரிக்கே உரியதாக்கினார். அதே 1921இன் இறுதியில் ஆமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசுக்கு டாக்டர் அன்சாரி தலைமை வகித்தார். அதே வாரத்தில், டிசம்பர் 29ஆம் நாள், அஜ்மல்கான் உயிர்நீத்தார். நண்பர் சென்னையில், ஹக்கீம் வடக்கே. இறுதி விடையும் பெற்றுக்கொள்ள இயலவில்லை.

சர்ப்பகந்தி கற்பித்த பாடம்

ஹக்கீம் மறைந்தாலும் அவர் தொடங்கி வைத்த பணி நிற்கவில்லை. நாட்டு மூலிகைகளை ரசாயன முறையில் சோதிக்கவேண்டும் என்பது அவருடைய பேரவா. அதற்கென ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இளைஞரைத் தேர்ந்து, திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க வழிசெய்தார். சித்திகி 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, அதற்குத் தம்மை ஆதரித்தவரின் பெயரால் ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோயில் அது பிற்காலத்தில் உலகெங்கும் பயன்பட்டது. நாம் துணி வாங்கும் வீதியின் பெயர் மேனாட்டு மருந்து நூல்களிலும் ஏறிய கதை இதுவே.

அதே 1931இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள வைத்தியர்கள், இரத்தக் கொதிப்புக்கும் மனக்கலக்கத்துக்கும் சர்ப்பகந்தி பயன்படுவதை எழுதினர். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், தம் நோயாளிகளிடம் கண்ட பயனை இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்தே ‘ரிசர்பின்’ பிரிக்கப்பட்டது. பாட்டன் பாட்டி அறிந்த வேர், சோதனைக்கு உட்பட்டபின் உலகின் பொதுச் சொத்தாயிற்று. அதே சோதனைதான் மற்றொன்றையும் கூறிற்று: அளவு மிகின் அம்மருந்து நோயாளியை மனச்சோர்வில் ஆழ்த்தும். மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. நம் அன்னையாரின் சூரணத்தையும் அன்று முதல் நாம் டாக்டரிடம் மறைப்பதில்லை.

சென்னையில் நிகழ்ந்தது

வடக்கே திப்பியா கல்லூரி எழுந்த அதே காலத்தில், தெற்கே சென்னையிலும் இம்முயற்சி நடைபெற்றது. 1921இல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டியை அமைத்து, நாட்டு வைத்தியத்தைப் பற்றி ஆராயச் செய்தது. அதன் காரியதரிசி கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இவர் ஆங்கில வைத்தியம் கற்று, இராணுவத்தில் டாக்டராக இருந்தவர். ஆயினும் ஆயுர்வேத, சித்த நூல்களில் தோய்ந்தவர். 1923இல் அறிக்கை வெளிவந்தது. 1925இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டு, சீனிவாசமூர்த்தியே அதன் முதல் தலைவரானார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. உடற்கூறும் ரண சிகிச்சையும் பிரசவ வைத்தியமும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன.

அங்கே பயின்று வெளிவந்தவர்களே எல்.ஐ.எம். டாக்டர்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இம்மூன்றெழுத்துக்களை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர். நம் அன்னையாரும் தம் இளம்பிராயத்தில் தம் ஊரிலிருந்த எல்.ஐ.எம். டாக்டரைப் பற்றி அடிக்கடி கூறுவார். அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். கை நாடியும் பிடிக்கும். ஊசியும் போடுவார், கஷாயமும் எழுதுவார். தம்மால் இயலாததைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாமே கடிதம் கொடுத்து அனுப்புவாராம்.

இத்தகையோர் பெருகவேண்டிய காலத்தில் அருகினர். கீழ்ப்பாக்கம் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, ‘ஒருங்கிணைந்த வைத்தியக் கல்லூரி’ என்றும் பெயர் பெற்றது. ஆனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குரிய மதிப்பும் ஊதியமும் தங்களுக்கு இல்லை என மாணவர் குறைப்பட்டுக் கிளர்ச்சி செய்தனர். மறுபுறம், கலப்பினால் தங்கள் சாஸ்திரத்தின் தூய்மை கெடுகின்றது எனப் பழைய வைத்தியர்கள் வருந்தினர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது; நடுவில் நின்றோர்க்கே இடமில்லாது போயிற்று. 1960இல் அவ்விடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி தோன்றி, ஆங்கில வைத்தியத்துக்கே உரியதாயிற்று. சித்த வைத்தியத்துக்கெனப் பாளையங்கோட்டையில் 1964இல் தனிக் கல்லூரி எழுந்தது. ஒரு கூரை இரண்டாகப் பிரிந்தது.

டில்லி அறிக்கைகளும் உலக மாநாடும்

இக்காலத்தில் தலைநகராகிய டில்லியிலும் இதே விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1946இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, நோய் வந்தபின் தீர்ப்பதும் வராமல் காப்பதும் ஒருங்கே நடைபெறவேண்டும் என்றும், டாக்டர் சமுதாயத்தை அறிந்தவராக இருக்கவேண்டும் என்றும் வற்புறுத்திற்று. நம் டாக்டர் ஆ. இலக்குமணசாமி முதலியார் அக்கமிட்டியில் ஓர் அங்கத்தினர். 1948இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையிலான கமிட்டி, நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் ஒன்றிணையவேண்டும் என்றே கூறிற்று. ஏட்டில் இணைந்தவை நாட்டில் இணையவில்லை. சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌரின் அயராத உழைப்பால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி எய்ம்ஸ் எழுந்தது. தனித்துறை வைத்தியத்தின் சிகரமாக விளங்கிற்று. 1970ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய வைத்திய முறைகளுக்குத் தனியொரு மத்தியக் கவுன்சிலை வகுத்தது. அதனால் அவற்றின் தரம் உயர வழி பிறந்தது, வேலியும் சற்று உயர்ந்தது.

எனினும் ஒரு நல்ல ஏற்பாட்டை நாம் மறத்தலாகாது. 1954இல் டில்லியில் தொடங்கிய மத்திய அரசாங்க ஊழியர் சுகாதாரத் திட்டத்தில், முதலில் குடியிருப்புக்கு அண்மையிலுள்ள டிஸ்பென்சரி டாக்டரைக் காணவேண்டும். அவர் அனுப்பினால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்பது முறை. நம்மவருள் பலர் இதனைத் தொல்லையாகவே கருதினர். ஆனால் குடும்பம் முழுவதையும் ஒருவர் அறிந்திருப்பதற்கு அது வழிசெய்தது என்பதை இன்று உணர்கின்றோம்.

உலகமும் மெல்ல இவ்வழிக்கே திரும்பிற்று. 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். வீட்டுக்கு அண்மையில் ஆரம்ப சுகாதாரம், தேவைப்படும் இடங்களில் பாரம்பரிய வைத்தியர்க்கும் அதில் பங்கு என்று பிரகடனம் செய்தனர். இந்திய வைத்திய முறைகளுக்கென 1995இல் மத்திய அரசில் தனி இலாகாவும், 2014இல் ஆயுஷ் என்னும் தனி அமைச்சகமும் அமைந்தன. 2017இல் டில்லி சரிதா விகாரில் அகில இந்திய ஆயுர்வேதக் கழகம் திறக்கப்பட்டது. எய்ம்ஸிலேயே ஒருங்கிணைந்த வைத்திய ஆராய்ச்சிக்கென ஒரு மையம் ஏற்பட்டது. அதற்கு எதிரேயுள்ள சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் நம் சித்த வைத்தியத்துக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்தை முதியோரின் வாயிலுக்கே கொண்டு சென்றது. பெற்றோரை ஊரில் விட்டு இங்கே பணிபுரியும் நமக்கு அது எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் உணர்ந்தது ஒன்றே. பெயர்ப்பலகைகளை அருகருகே மாட்டுவதனால் வைத்தியங்கள் இணைந்துவிடுவதில்லை. ஹக்கீமும் சர்ஜனும் நண்பராயினர். இணைப்புக்கு வழி பிறந்தது. எல்.ஐ.எம். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே அது நிகழ்ந்தது. நம் காலனி டாக்டர் தொலைபேசியை எடுத்தார். நம் அன்னையார் எழுந்து நடமாடினார். வைத்தியர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும். அவர்கள் பேசுவதற்கு வேண்டிய செய்தியை மறைக்காமல் கொடுப்பவர் நோயாளியின் குடும்பத்தாராக இருக்கவேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறவில்லை. பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதே. இறுதியில் வைத்தியத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் ஓர் அங்கமாகவே வைத்தார். அந்த நான்காம் இடம் நம்முடையது.

ஆகவே அன்பர்கட்கு மூன்று வேண்டுகோள். வீட்டிலுள்ள முதியோரின் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகளும் உட்பட, ஒரு தாளில் எழுதி, எந்த டாக்டரிடம் சென்றாலும் அதைக் காட்டுங்கள். டாக்டரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், எதையும் கூட்டாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்பவராயினும், குடும்பத்தை அறிந்த டாக்டர் ஒருவரை அண்மையில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் செயற்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஓய்வு பெற்ற தமிழ் டாக்டர்கள் நம் காலனியில் உளர். மாதம் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தில் அவர்கள் அமர்ந்து, முதியோரின் மருந்துப் பட்டியலைப் பார்த்துத் தருவார்களாயின், அதனினும் சிறந்த ஆண்டு விழாப் பரிசு வேறில்லை. மேஜையும் நாற்காலியும் போட்டு, வருவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் குமாஸ்தா வேலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

இன்று கரோல்பாக்கில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் ஒரு வண்டி மாறினால், எய்ம்ஸ் வாயிலில் இறங்கலாம். ஹக்கீமின் வீதியிலிருந்து சர்ஜனின் நகருக்கு அவ்வளவே தொலைவு. அடுத்த முறை அன்னையாரை அங்கே அழைத்துச் செல்லும்போது, மாத்திரைப் பையும் பட்டியலும் நம் கையில் இருக்கும்.

வாழ்க நம் சங்கம்! நோயற்று வாழ்க நம் மக்கள்!